எண் போடாத இடத்தையும் பாருங்க

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில், நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனை வாங்குவோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இத்தனை பேர் வந்து உக்காந்திருக்கீங்கன்னா, உங்கள்ல பாதிப் பேர் மனை வாங்கிட்டு யோசிக்கிறவங்க, மீதிப் பேர் வாங்கறதுக்கு முன்னாடி யோசிக்கிறவங்கன்னு எடுத்துக்கறேன். ரெண்டு பேருக்கும் சேர்த்தே பேசறேன்.

மனை பார்க்கப் போறோம். நெடுஞ்சாலையிலிருந்து திரும்பின உடனே ஒரு வளைவு, கலர் கலராக் கொடி, வெள்ளையடிச்ச கல். ஷாமியானா பந்தல்ல உக்கார வெச்சு மோர் குடுப்பாங்க. மேசை மேல ஒரு வரைபடத்தை விரிப்பாங்க. நம்ம கண்ணு எங்க போகும்? நேரா மனை எண்ணுக்குத்தான். 14 போயிடுச்சா, 15 இருக்கா, கிழக்கு பார்த்ததா, மூலை மனையா, தெருக்குத்து இருக்கா. இதையெல்லாம் நல்லாக் கேக்கறோம். வரைபடத்துல எண் போடாத இடம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, வெள்ளையா நீளமாப் போற ரோடு, பச்சை அடிச்ச பூங்கா, ஓரத்துல நீலக் கோடு போட்ட வாய்க்கால், அதைப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்லை. அது யாருக்கும் விக்காத இடம்தானே, நமக்கென்னன்னு விட்டுடறோம்.

நிலத்தைப் பிரிக்கிறதுக்கு அரசாங்கம் போட்டிருக்கிற விதிகள்ல பெரும்பகுதி அந்த எண் போடாத இடத்தைப் பத்தித்தான் பேசுது. உங்க 15-ம் நம்பர் மனையைப் பாதுகாக்க உங்க பேருக்கு ஒரு பத்திரம் இருக்கு. ரோட்டுக்கும் பூங்காவுக்கும் அப்படி யாரு இருக்காங்க? அதுக்குத்தான் மனைப்பிரிவு அங்கீகாரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துடலாம், அப்ப சட்டென்று புரியும். 4 ஏக்கர் நிலம்னு வெச்சுக்கங்க. 400 சென்ட். முறைப்படி மனைப்பிரிவு போட்டா, அகலமான ரோடு விடணும். அதுக்கு ஏறக்குறைய 30 சதவீதம் போகும்னு வெச்சா 120 சென்ட். மிச்சம் 280. நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா, ரோடு போக மீதியில 10 சதவீதத்தைத் திறந்தவெளியா ஒதுக்கி உள்ளாட்சிக்கு ஒப்படைச்சே ஆகணும். அது 28 சென்ட், சதுர அடியில பார்த்தா 12,000-க்குக் கொஞ்சம் மேல, 5 கிரவுண்டுன்னு சொல்லலாம். பொதுப் பயன்பாட்டுக்குன்னு இன்னும் கொஞ்சம் போகும். ஆக விக்கறதுக்கு மிஞ்சறது சுமார் 250 சென்ட்.

இப்ப அதே 4 ஏக்கரை இன்னொருத்தர் அங்கீகாரம் இல்லாமப் பிரிக்கிறார். ரோட்டை ஒடுக்கி 15 சதவீதத்துல முடிச்சுக்கறார். பூங்கா கிடையாது. விக்கறதுக்கு 340 சென்ட் கிடைச்சிடுது. முதல் ஆளைவிட 90 சென்ட் கூடுதல். சென்ட் விலையை நாலுல ஒரு பங்கு குறைச்சு வித்தாக்கூட, முதல் ஆளுக்குக் கிடைச்ச பணம் இவருக்கும் கிடைச்சிடும். ரோடு போடற செலவு, வடிகால் கட்டற செலவு, தெருவிளக்குச் செலவு மிச்சமானது தனி. "பக்கத்து லேஅவுட்டைவிட எங்ககிட்ட ரேட் கம்மி சார், மேல ஒரு தங்கக் காசும் தர்றோம்"னு சொல்றாரே, அந்தத் தங்கக் காசு எங்கேருந்து வருதுன்னு இப்பப் புரியுதா? உங்க பிள்ளைங்க விளையாட வேண்டிய 28 சென்ட்லேருந்தும், ஆம்புலன்ஸ் திரும்ப வேண்டிய ரோட்டுலேருந்தும் வருது. நீங்க கம்மி விலைக்கு வாங்கலை, கம்மியாத்தான் வாங்கியிருக்கீங்க.

சரி, விதி எங்க இருக்கு? தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துடுச்சு. இப்ப நடைமுறையில இருக்கிறது 2019 பிப்ரவரியில வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதுக்கு முன்னாடி சென்னைக்கு ஒண்ணு, நகராட்சிக்கு ஒண்ணு, ஊராட்சிக்கு ஒண்ணுன்னு விதிகள் தனித்தனியா இருந்துச்சு. அதையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாக்கினாங்க. சென்னைப் பெருநகரப் பகுதியில சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது நாம சி.எம்.டி.ஏ.ன்னு சொல்றது, மத்த இடங்கள்ல நகர் ஊரமைப்பு இயக்ககம், டி.டி.சி.பி. இவங்க தொழில்நுட்ப அனுமதி குடுத்து, அதுக்கப்புறம் உள்ளாட்சி அமைப்பு இறுதி ஒப்புதல் குடுக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் அங்கீகாரம்.

இங்கதான் "பஞ்சாயத்து அப்ரூவல்"னு ஒரு வார்த்தை ரொம்ப வருஷமா ஊரை ஏமாத்திக்கிட்டிருக்கு. ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிற ஒரு காகிதத்தைக் காட்டுவாங்க. தலைவர் தானா ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி குடுக்க முடியாது. தொழில்நுட்ப அனுமதி இல்லாத வெறும் ஊராட்சி முத்திரைக்கு மனைப்பிரிவு விஷயத்துல மதிப்பு கிடையாது. இதை எத்தனை தடவை சொன்னாலும், "இல்லீங்க, பத்திரமே ஆயிடுச்சே"ன்னு பதில் வரும்.

பத்திரப் பதிவு வேற, அங்கீகாரம் வேற. இதைக் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இந்த ஒரு குழப்பத்துலதான் நம்ம ஆளுங்க சேமிப்பெல்லாம் போகுது. 2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதுன்னு ஒரு உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கும். மாநிலம் பூரா சார்பதிவாளர் அலுவலகங்கள் ஆள் இல்லாமக் கிடந்த நாட்கள் அவை. பதிவுச் சட்டத்துல 22-ஏ என்ற பிரிவு 2016 அக்டோபர் 20-லேருந்து நடைமுறைக்கு வந்தது. விவசாய நிலத்தை அனுமதி இல்லாம வீட்டு மனையாப் பிரிச்சு விக்கிற பத்திரத்தைப் பதிய மறுக்கணும்னு அது சொல்லுது. ஆனா அதுக்குள்ளேயே ஒரு விலக்கும் இருக்கு: ஒரு மனை ஏற்கெனவே வீட்டு மனையாவே பதிவாகியிருந்தா, அதே மனையைத் திரும்ப விக்கும்போது பதியலாம். நியாயமான விலக்குத்தான். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்க மகளோட கல்யாணத்துக்குக்கூட விக்க முடியாமப் போயிடக் கூடாது இல்லையா.

இந்த விலக்கைத்தான் தரகர் தனக்குச் சாதகமாத் திருப்பிப் பேசறார். "பதிவு ஆகுது சார், அப்ப அப்ரூவ்டுதானே?" கிடையாது. யாரு யாருக்கு எதை வித்தாங்கன்னு எழுதி வைக்கிற இடம் சார்பதிவாளர் அலுவலகம். அந்த மனைக்கு ரோடு இருக்கா, மழைத் தண்ணி எங்க போகும்ங்கறதைப் பார்க்கிற இடம் அது இல்லை. பத்திரம் கையில வாங்கிட்டு, பேங்குக் கடனுக்குப் போறப்போ, கட்டட வரைபட அனுமதிக்குப் போறப்போதான் முதல் கேள்வி வரும்: மனைப்பிரிவு அங்கீகார எண் என்ன? 2024 ஜூலையில அரசு சுயசான்று முறை கொண்டு வந்துச்சு. 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில 3,500 சதுர அடிக்குள்ள வீடு கட்டறதுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்துலேயே உடனடியா அனுமதி வாங்கிக்கலாம். நல்ல திட்டம். ஆனா அதோட கதவைத் திறக்கிற சாவியும் மனை அங்கீகாரம்தான்.

இன்னொரு தந்திரமும் இருக்கு. பத்திரத்துல மனைன்னே எழுத மாட்டாங்க. "புஞ்சை 5 சென்ட் விவசாய நிலம்"னு எழுதிப் பதிஞ்சு குடுத்துடுவாங்க. தரையில கல்லு நட்டிருக்கும், ரோடு மாதிரி மண்ணு கொட்டியிருக்கும், கையில குடுத்த வரைபடத்துல மனை எண் 22. பத்திரத்துல மட்டும் அது விவசாய நிலம். நாளைக்கு நீங்க வரன்முறை கேட்டுப் போனா, உங்க ஆவணத்துல வீட்டு மனையே கிடையாது. 2016-க்கு அப்புறம் இப்படி வாங்கினவங்க நிலைமை ரொம்பச் சிக்கல். பத்திர நகலைப் பதிவுக்கு முன்னாடியே வாங்கிப் படிங்க. சொத்து விவரம்னு கடைசியில வருமே, அதைத்தான் முதல்ல படிக்கணும். நாலு எல்லையில ஒரு பக்கமாவது "பொது ரோடு"ன்னு இருக்கா, அது எத்தனை அடின்னு இருக்கா பாருங்க.

திரும்ப எண் போடாத இடத்துக்கு வர்றேன். அங்கீகாரம் வாங்கும்போது, இறுதி வரைபடம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி, நில உரிமையாளர் ரோடுகளையும் திறந்தவெளியையும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரமாப் பதிஞ்சு குடுக்கணும். பேருதான் தானம், விதிப்படி குடுத்தே ஆக வேண்டிய தானம். அந்தப் பத்திரம் பதிவான நாள்லேருந்து அந்த ரோடு அவருடையது இல்லை, அந்தப் பூங்கா அவருடையது இல்லை. 3,000 சதுர மீட்டர் வரைக்கும் திறந்தவெளி விட வேண்டியதில்லை. 3,000-லேருந்து 10,000 வரைக்கும், இடம் விட வழியில்லாத நிலைமையில வழிகாட்டி மதிப்புப்படி பணமாக் கட்டலாம். அதுக்கு மேல போனா பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாத்தான் விடணும். இந்தத் திறந்தவெளி விதி செல்லுமான்னு கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2023 பிப்ரவரியில செல்லும்னு தீர்ப்பாயிடுச்சு.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுல இந்தத் தானப்பத்திரம் கிடையாது. அப்ப ரோடு யாரோடது? பட்டாவுல பார்த்தா இன்னமும் பழைய நில உரிமையாளர் பேர்லதான் இருக்கும். நீங்க 10 வருஷமா நடக்கறீங்க, பால்காரர் வர்றார், பள்ளிக்கூட வேன் வருது. ஆனா காகிதத்துல அது ஒரு தனி மனுஷனோட புஞ்சை நிலம். அவர் காலமானா அவர் பிள்ளைங்க பேருக்கு வரும். அதுல ஒரு பிள்ளை ரோட்டோட முனையை இன்னொரு மனையா அளந்து வித்துட்டா, நீங்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு நடக்கணும். ஊராட்சியில போய்த் தார் ரோடு கேட்டா, "தனியார் நிலத்துல அரசுப் பணத்தை எப்படிங்க போடறது"ன்னு கேப்பாங்க. கேக்கறது சரிதான். மழைக்காலத்துல முழங்கால் சேத்துல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடக்கற பல நகர்களுக்குப் பின்னாடி இருக்கிற காரணம் இந்த ஒரு பத்திரம் இல்லாததுதான். அதிகாரி மனசு வெக்கலைன்னு நாம திட்டிக்கிட்டிருப்போம். சில சமயம் அதுவும் உண்மைதான், இல்லைன்னு சொல்லலை.

அங்கீகாரம் உள்ள மனைப்பிரிவா இருந்தாலும் இந்த விஷயத்துல சும்மா இருந்துடாதீங்க. தானப்பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனா வருவாய்த் துறைக் கணக்குல மாறாம, பட்டா பழைய பேர்லேயே நிக்கும். பூங்காவுக்குச் சுற்றுச்சுவரும் இல்லை, பலகையும் இல்லைன்னா, கொஞ்ச வருஷத்துல அங்க ஒரு கொட்டகை வரும், அப்புறம் ஒரு கடை வரும். பூங்கா இடம் எந்தப் புல எண்ல எந்த உட்பிரிவுன்னு பார்த்து, அந்தப் பட்டா உள்ளாட்சி பேருக்கு மாறிடுச்சான்னு ஒரு தடவை இணையத்துல பாருங்க. மாறலைன்னா சங்கத்தின் பேர்ல வட்டாட்சியருக்கு ஒரு மனு, உள்ளாட்சிக்கு ஒரு மனு. தானப்பத்திர நகலை அதோட இணைங்க. கொட்டகை போடறதுக்கு முன்னாடி குடுக்கிற மனு ஒரு பக்கத்துல முடிஞ்சிடும். போட்டதுக்கு அப்புறம் அது ஒரு கட்டு ஆகும்.

வாங்கப் போறவங்க எப்படிச் சரிபார்க்கறது? மனை காட்ட வந்தவர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது புல எண், கிராமத்துப் பேரு, அங்கீகார எண். இந்த மூணையும் எழுதிக் குடுக்கத் தயங்கறவர்கிட்ட மோரைக் குடிச்சிட்டு எழுந்து வந்துடுங்க. புல எண் கிடைச்சா, பட்டா, புலப்படம், அ-பதிவேடு இதெல்லாம் அரசின் இ-சேவை இணையதளத்துல வீட்டுல உக்காந்தே பார்க்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை தளத்துல பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்க: உங்க மனைக்கு மட்டும் பார்க்காம, தாய்ப் புல எண் முழுசுக்கும் போட்டுப் பாருங்க. நில உரிமையாளர்கிட்டேருந்து உள்ளாட்சிக்குப் போன தானப்பத்திரம் அதுல ஒரு வரியா வந்து நிக்கும். அந்த வரி இருந்தா ரோடும் பூங்காவும் கைமாறியிருக்கு. இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேளுங்க. பத்து நிமிஷ வேலை. மனை வாங்கற பெரும்பாலானவங்க இதைச் செய்யறதில்லை.

500 சதுர மீட்டருக்கு மேலயோ 8 மனைக்கு மேலயோ போற திட்டம்னா, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்துல, நாம ரெரான்னு சொல்றோமே, அங்கயும் பதிவு பண்ணியிருக்கணும். விளம்பரத்துலேயே அந்தப் பதிவு எண் இருக்கணும். பதிவு செஞ்ச விற்பனை ஒப்பந்தம் போடாம மொத்த விலையில 10 சதவீதத்துக்கு மேல முன்பணம் வாங்கக் கூடாதுன்னு 2016-ம் வருஷச் சட்டம் சொல்லுது. "இன்னைக்குப் பாதிப் பணம் கட்டினா இந்த ரேட்"னு யாராவது அவசரப்படுத்தினா இதைச் சொல்லிப் பாருங்க, அவசரம் எங்க போச்சுன்னே தெரியாது.

காகிதம் முடிஞ்சா தரைக்கு வாங்க. நான் நில அளவைக்காரன், எனக்குக் காகிதத்தைவிடத் தரை மேலதான் நம்பிக்கை. 100 அடி டேப் ஒண்ணு எடுத்துக்கங்க. வரைபடத்துல ரோடு 7.2 மீட்டர்னு இருந்தா தரையில 23 அடி 7 அங்குலம் வரணும். 9 மீட்டர்னா 29 அடி 6 அங்குலம். விளம்பரத்துல "30 அடி ரோடு"ன்னு போட்டிருப்பாங்க, அந்த ஆறு அங்குலத்துக்காகச் சண்டை போடாதீங்க, அது கணக்கு மாத்தறதுல வர்றது. ஆனா 7.2-ன்னு போட்டுட்டுத் தரையில 18 அடி வந்தா, அந்த வித்தியாசம் யாரோ ஒருத்தர் மனைக்குள்ள போயிருக்கு. மனைப்பிரிவுக்குள்ள இருக்கிற ரோடு மட்டும் போதாது. அந்த ரோடு வெளியில எந்தப் பொது ரோட்டுல போய்ச் சேருதுன்னும் நடந்து பாருங்க. உள்ளே 30 அடி, வெளியே வர்றதுக்கு வரப்பு அகலத்துல ஒரு வண்டிப்பாதை, இப்படியும் இருக்கு.

அடுத்தது தண்ணி. புலப்படத்துல வாய்க்கால் தனியாக் காட்டியிருக்கும். வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்குன்னு அ-பதிவேட்டுல எழுதியிருக்கும். கொடி கட்டின அன்னைக்குப் போய்ப் பார்த்தா வாய்க்கால் இருக்காது. அதன் மேல ஒரு குழாயைப் போட்டு மண்ணைக் கொட்டி ரோடு ஆக்கியிருப்பாங்க. நஞ்சை நிலத்துல மனை போட்டிருந்தா இதை ரெண்டு தடவை பாருங்க. நஞ்சைங்கறது பாசனத் தண்ணி வந்து நிக்கறதுக்காகவே தாழ்வா அமைஞ்ச நிலம். நாம மனைன்னு பேர் மாத்திட்டோம்கறது தண்ணிக்குத் தெரியாது. விவசாய நிலத்தை மனையாக்கறதுக்கு நிலப்பயன்பாடு மாற்றம்னு தனி அனுமதி வேணும். திட்டப் பகுதிக்கு வெளியில இருக்கிற நிலம்னா, வேளாண் துறையோட கருத்தைக் கேட்டு மாவட்ட ஆட்சியர் இசைவு குடுக்கணும். அந்த ஆணை நகலையும் கேட்டு வாங்குங்க. அப்புறம், பக்கத்து ஊர்ல ஆடு மேய்க்கிற பெரியவர்கிட்ட, "ஐயா, ஐப்பசி மழையில இங்க தண்ணி எது வரைக்கும் நிக்கும்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. அவருக்கு விக்கறதுக்கு எதுவும் இல்லை, உள்ளதைச் சொல்லுவார்.

இதுவரைக்கும் பேசினது பெரிய மனைப்பிரிவு. 8 மனைக்கு மேல போனா அது மனைப்பிரிவு. 8 வரைக்கும்னா உட்பிரிவு. உட்பிரிவுதானே, நம்ம சொந்த இடம்தானேன்னு குடும்பத்துக்குள்ள பிரிக்கிறவங்க விதியை நினைக்கிறதே இல்லை. வீடு கட்டறதுக்காகப் பிரிச்சா அதுக்கும் அனுமதி வேணும்.

அப்பாவுக்கு 30 சென்ட் இடம். ரோட்டு முகப்பு 60 அடி, உள்ளே 218 அடி நீளம். மூணு பிள்ளைங்க. முன்னாடி ஒருத்தருக்கு, நடுவுல ஒருத்தருக்கு, பின்னாடி தங்கச்சிக்கு. ஆளுக்கு 10 சென்ட், பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியாச்சு, எல்லாரும் சந்தோஷமாக் கல்யாணச் சாப்பாடு மாதிரி சாப்பிட்டுக் கலைஞ்சாச்சு. தங்கச்சி எப்படி உள்ளே போகும்? "ஏன், அண்ணன் இடத்து வழியாப் போகட்டுமே, யாரு தடுக்கப் போறா"ன்னு அப்பா சொல்லுவார். அப்பா இருக்கிற வரைக்கும் யாரும் தடுக்க மாட்டாங்க. அண்ணன் இடத்தை வித்துட்டா, வாங்கினவருக்கு அது தங்கச்சி இல்லை.

பிரிக்கிறதுக்கு முன்னாடியே பாதையை எடுத்து வைங்க. உதாரணத்துக்கு 12 அடின்னு வெச்சா, பின் மனை தொடங்கற வரைக்கும் 145 அடி நீளம், மொத்தம் 1,740 சதுர அடி, சுமார் 4 சென்ட். அதை மூணு பேரும் சமமா இழக்கணும்; முன்னாடி இருக்கிறவர் மட்டும் இழக்கறதா வந்தா, "எனக்குப் பாதையே தேவையில்லை, நான் ஏன் விடணும்"னு அவர் கேப்பார். அதுவும் நியாயம்தானே. 26 சென்டை மூணாப் பிரிங்க, பாதை 4 சென்டைத் தனி உருப்படியா அளவோட எழுதுங்க. வெறுமனே "நடமாடும் பாத்தியம் உண்டு"ன்னு எழுதினா நடக்கத்தான் உரிமைன்னு ஒருத்தர் வாதாடுவார், கார் போகக் கூடாதும்பார். வண்டி வாகனங்கள், குடிநீர்க் குழாய், மின்சார வயர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் போறதுக்கும் சேர்த்து எழுதணும். பாதை நீளமாகப் போகப் போக விதிப்படி அகலமும் கூடணும். உங்க இடத்துக்கு எத்தனை அடி வேணும்னு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துல கேட்டுட்டு அப்புறம் பத்திரம் எழுதறவர்கிட்டப் போங்க. வரிசையை மாத்திப் போனா, பின் மனைக்குக் கட்டட அனுமதி வராது. அண்ணன்மேல தங்கச்சிக்குக் கோபம் வரும். இத்தனைக்கும் அண்ணன் ஒரு தப்பும் செஞ்சிருக்க மாட்டார்.

ஏற்கெனவே அங்கீகாரம் இல்லாத மனையை வாங்கினவங்களுக்கு இப்ப வர்றேன். 2017 மே மாசம் வரன்முறை விதிகள் வந்துச்சு. 2016 அக்டோபர் 20 அன்னைக்கோ அதுக்கு முன்னாடியோ விற்பனைப் பத்திரம் பதிவான மனைகளுக்கு அது பொருந்தும். உங்க பத்திரத்தை எடுத்து முதல்ல பதிவுத் தேதியைப் பாருங்க. உங்க பத்திரம் அதுக்கப்புறம்னாலும், உங்களுக்கு வித்தவரோட பத்திரம் முன்னாடி தேதியில இருந்தா, அதை ஆதாரமா வெச்சுப் பேசலாம். அதனால தாய்ப்பத்திரத்தைத் தொலைச்சிடாதீங்க. இந்தத் திட்டத்தோட கால அவகாசத்தைப் பலமுறை நீட்டிச்சிருக்காங்க. உங்க பகுதிக்கு இப்ப விண்ணப்பம் வாங்கறாங்களான்னு இயக்ககத்தோட இணையதளத்துலயோ மாவட்ட அலுவலகத்துலயோ பார்த்துட்டு நகருங்க. தரகர் சொல்ற கடைசித் தேதியை நம்பிப் பணம் குடுக்காதீங்க.

முதல்ல மனைப்பிரிவு மொத்தத்துக்கும் ஒரு கட்டமைப்பு அனுமதி, அப்புறம் ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியா வரன்முறை. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம்னு கட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொருத்தரும் தனியா ஓடறதைவிட, மனைக்காரங்க எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கமாப் பதிஞ்சு, ஒரே அளவரைக் கூப்பிட்டு மொத்த மனைப்பிரிவையும் அளந்து ஒரே வரைபடம் தயாரிச்சா செலவும் குறையும், ரோடு எது மனை எதுன்னு தகராறும் அப்பவே தெரிஞ்சிடும். இங்க சங்கக் கூட்டத்துல இதைச் சொல்றதுக்குக் காரணமே அதுதான். வரன்முறை ஆகாத மனைக்குக் கட்டட அனுமதி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எல்லாத்துலயும் முட்டுக்கட்டை வரும். வீட்டைக் கட்டி முடிச்சுட்டு இதைத் தெரிஞ்சுக்கக் கூடாது.

எல்லா மனையையும் வரன்முறை பண்ணிட முடியாது, இதையும் சொல்லிடறேன். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் இதுக்குள்ள வர்ற மனை, அரசுப் புறம்போக்கு, அங்கீகரிச்ச மனைப்பிரிவுல பூங்காவுக்கு ஒதுக்கின இடத்தையே மனையாக்கி வித்தது, பொது ரோட்டை மறிச்சது, இதுக்கெல்லாம் வழி கிடையாது. "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, முடிச்சுத் தர்றேன்"னு சொல்றவர்கிட்டப் பணம் குடுத்தா அது ரெண்டாவது நஷ்டம். அந்த மாதிரி மாட்டிக்கிட்டவங்க வித்தவர்மேல என்ன நடவடிக்கை எடுக்க முடியும்னு பார்க்கணும். வக்கீல்கிட்டப் போக வசதியில்லைன்னா, நீதிமன்ற வளாகத்துலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மனை வீட்டு அம்மா பேர்ல இருந்தா அவங்களே போய் மனு குடுக்கலாம்.

மனு எழுதும்போது புல எண், உட்பிரிவு எண், மனை எண், கிராமம், வட்டம், பத்திர எண், பத்திர வருஷம், சார்பதிவாளர் அலுவலகத்தின் பேரு, இதெல்லாம் முதல் பத்தியிலேயே வந்துடணும். "பல ஆண்டுகளாக நாங்கள் அவதிப்பட்டு வருகிறோம்"ங்கறதை ரெண்டாவது பத்தியில வெச்சுக்கலாம். நகல் எடுத்துக்கிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிட்டுத்தான் அலுவலகத்தை விட்டு வெளியே வரணும்.

வரைபடம் கொண்டு வந்திருக்கிறவங்க அப்படியே இந்த மேசைக்கு எடுத்துக்கிட்டு வாங்க. விரிச்சு வெச்சு ஒவ்வொண்ணாப் பார்த்துடலாம். டேப் நான் கொண்டு வந்திருக்கேன். வெளிச்சம் இருக்கும்போதே முதல் தெரு ரோட்டையும் அளந்து பார்த்துட்டா, வரன்முறைக்கு அது எத்தனை அடின்னு எழுதறதுங்கற கேள்விக்கு இன்னைக்கே பதில் கிடைச்சிடும்.